மூன்றரைக்குக் கீழே

பியோ உன்சில் அக்கா தென்கொரியாவின் ஜொன்ஜு நகரில் ஒரு கல்லூரியில் பதினோரு ஆண்டு பகுதிநேர ஆசிரியை. பாடம் புள்ளியியல். நான் அதே துறையில் குமாஸ்தா. பருவ முடிவில் மாணவர்கள் ஆசிரியர்களுக்குப் போடும் மதிப்பெண் என் கணினிக்குத்தான் வரும். ஐந்துக்கு மூன்றரைக்குக் கீழே இரண்டு பருவம் போனால் வேலை கிடையாது.

அதே பாடத்தை இன்னொரு வகுப்புக்குப் புதிதாக வந்த குக் தேஹோ என்ற இளைஞர் எடுத்தார், அக்கா எழுதிய குறிப்புகளை வாங்கி. வினாத்தாளும் ஒன்றுதான். அவருக்கு நாலரை வந்தது. "கறாரானவர், ஆனா நியாயமானவர்" என்று எழுதியிருந்தார்கள். அக்காவுக்கு மூன்று புள்ளி நான்கு. "சிரிக்கவே மாட்டாங்க. குரல் கீச்சுங்குது."

அடுத்த பருவம் அக்கா சிரித்தாள். "தாடை வலிக்குதுடி" என்பாள். மதிப்பெண் இன்னும் இறங்கியது. "மார்க்குக்காகக் குழையுறாங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

தன்னுடையதும் தேஹோவுடையதுமான மதிப்பெண் தாள்களை என்னிடம் வாங்கித் துறைத்தலைவரிடம் கொண்டுபோனாள்.

"குறிப்பு ஒண்ணு, பரீட்சை ஒண்ணு. வேற என்ன சார் வித்தியாசம்?"

"புள்ளைங்க மனசுக்குள்ள நான் போக முடியுமாம்மா? விதின்னா விதி."

அவளுடைய வகுப்பும் தேஹோவுக்கே போனது.

பக்கத்து ஊரான இக்சானில் தனிவகுப்பு எடுக்கலாம் என்று அக்கா கார் ஓட்டப் பழகினாள். உரிமம் கிடைத்த அன்று இருவரும் முளைப்பயறு சூப் சாப்பிடப் போனோம். பழக்கியவர்களுக்கு ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொல்லி ஓட்டுநர் பள்ளியிலிருந்து போனில் ஒரு படிவம் வந்தது. பழக்கிவிட்ட ஆணுக்கு ஐந்து, பெண்ணுக்கு மூன்று என்று தட்டி அனுப்பிவிட்டாள்.

"அந்தம்மாவுக்கு ஏன்க்கா மூணு? நல்லா சொல்லிக்குடுத்தாங்கன்னியே?"

"சொல்லிக்குடுத்தா. ஆனா எரிஞ்சு எரிஞ்சு விழுவா."

"அந்த ஆளு திட்டலையா?"

"அவன் இன்னும் மோசமா..." அக்காவின் கரண்டி பாதியில் நின்றது.

உடனே பள்ளிக்குப் போன் போட்டாள்.

"மாத்த முடியாது மேடம். அனுப்பினா அனுப்பினதுதான்."

"அந்தம்மா வேலைக்கு எதாவது ஆகுமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது மேடம்."

அக்கா சூப்பைத் தொடவில்லை. "யாருடி அந்தப் புள்ளைங்கன்னு எத்தனை நாள் சபிச்சிருக்கேன்" என்றாள். நான் தேற்ற வாயெடுத்தபோது, வேண்டாம் என்று கையசைத்தாள்.

இக்சானுக்கு அவள் போகவேயில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான் என்பதாலோ என்னவோ, இப்போது என் போனையும் எடுப்பதில்லை.