தகரக் குதிரையின் வாலைப் பிடித்தவர்

அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பெயிண்டர் என்றால் போதும், ஊரே கை காட்டிவிடும். கடைகளுக்குப் பலகை எழுதுவார், லாரிகளுக்கு எண் எழுதுவார். ஒல்லியான உடம்பு, ஐம்பத்திரண்டு வயது. காதில் எப்போதும் ஒரு பிரஷ் செருகியிருக்கும். குளிக்கும்போதாவது அதை எடுக்கிறாரா என்று அவர் மனைவிக்கே சந்தேகம்.

கடவுள் பக்தி மிகுந்தவர். சூது என்றால் காத தூரம் ஓடுவார். ஒரு முறை சீட்டாட்ட மன்றத்துக்குப் பலகை எழுதக் கூப்பிட்டார்கள். "மன்றம்னு எழுதறேன், சீட்டுங்கிறதை நீங்களே எழுதிக்குங்க" என்று சொல்லிப் பலகையைப் பாதியில் விட்டு வந்துவிட்டார். அப்படிப்பட்ட மனிதரை ஆண்டவன் கொண்டுபோய் நிறுத்திய இடம் குதிரைப் பந்தய மைதானம்.

அந்தப் பந்தயம் நூற்றுப்பத்து வருடப் பழமை உடையது. மூன்று வயது ஜாதிக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். ஆகவே ஒரு குதிரைக்கு ஆயுளில் ஒரே ஒரு வாய்ப்பு. பந்தயம் பிறந்த கதையும் வேடிக்கையானது. பணக்காரச் சகலைகள் இரண்டு பேர், மாமியார் வீட்டு விருந்தில், யார் குதிரை உசத்தி என்று கைகலப்பு வரைக்கும் போனார்கள். மாமியார் அம்மாள், "சோறு ஆறுது, வெளியே போய் ஓடிப் பார்த்துக்குங்க" என்றாராம். ஓடினார்கள். ஒப்புக்குச் சேர்ந்துகொண்ட பல் வைத்தியர் ஒருவரின் குதிரை ஜெயித்துவிட்டது. சகலைகள் மறுநாளே, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சாதித்தார்கள். கோபம் வந்த வைத்தியர், பார்வையாளர் மண்டபத்துக்கு எதிரே இருந்த மேடையின் கூரை உச்சியில் காற்றுக்குச் சுழலும் தகரக் குதிரை ஒன்றை நட்டு, அதன் மேல் உட்கார்ந்திருந்த தகர ஜாக்கிக்குத் தன் சட்டை நிறத்தையே அடித்துவிட்டார். இனி எவன் இல்லையென்று சொல்வான்?

அன்று தொடங்கிய வழக்கம்தான். பந்தயத்தில் ஜாக்கி போடும் சட்டையின் நிறம் குதிரைக்குச் சொந்தமில்லை, அதன் முதலாளிக்குச் சொந்தம். எவர் குதிரை ஜெயிக்கிறதோ அவர் நிறம் தகர ஜாக்கியின் மேல் ஏறும், ஒரு வருடம் அங்கேயே இருக்கும். பந்தயம் முடிந்ததும் பேண்டுக்காரர்கள் மூன்று பாட்டு வாசிப்பார்கள். மூன்றாவது முடிவதற்குள் பெயிண்ட் முடிந்திருக்க வேண்டும். அப்புறம்தான் கோப்பை.

பெயிண்டரின் மாமனார் இந்த வேலையை நாற்பது வருடம் பார்த்தவர். பிறகு மாப்பிள்ளைக்கு வந்தது. மனைவிக்கும் அதில் பங்கு உண்டு. முட்டை அடுக்கும் அட்டையில் குழிக்கு ஒரு சின்ன டப்பா வைத்து, பதினாலு குதிரைக்கும் வேண்டிய நிறங்களைக் கலந்து, எண் போட்டு வைத்திருப்பாள். அவர் கூரை உச்சியில் இருப்பார். அவள் ஏணியின் அடியில் நின்று, ஜெயித்த எண்ணைக் கத்திச் சொல்லி, டப்பாக்களைக் கயிற்றில் ஏற்றிவிடுவாள்.

போன வருடம் நடந்தது ஒரு விபத்து. இரண்டாவது பாட்டின் நடுவில் பிரஷ் கை நழுவி, நேராகக் கீழே போய், பேண்டுக்காரரின் பெரிய பித்தளை வாத்தியத்தின் வாய்க்குள் விழுந்தது. அவர் ஊத, பாட்டு வராமல், வேறென்னவோ வந்தது. கோப்பை கொடுக்கும்போது தகர ஜாக்கிக்கு ஒரு கை வெள்ளையாகவே இருந்தது; கூட்டம் போன பிறகுதான் அதற்கு நிறம் ஏறியது.

பந்தய மன்றத்தின் செயலாளர் இந்த வருடம் பெயிண்டரைக் கூப்பிட்டுச் சொன்னார். "பாருங்க பெயிண்டர், இந்தத் தடவையும் லேட்டானா அடுத்த வருஷம் உங்க மச்சினன்கிட்ட குடுத்துடுவோம். காருக்கு ஸ்பிரே அடிக்கிறாராமே, அவர்."

மைத்துனன்! மனைவியின் தம்பி. அவனுக்குப் போவதைவிட வானத்துக் காக்கைக்குப் போகலாம் என்று இருந்தது பெயிண்டருக்கு. மூன்று நாள் தூக்கம் வரவில்லை. நாலாம் நாள் ஒரு யோசனை வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவர் விசாரித்திருக்க வேண்டும்.

பந்தயத்தன்று காலையில் பழைய சட்டையின் மேல் வெள்ளை அடித்து, ஜாக்கி முழுவதும் மறைய ஒரு துணிப் பையைக் கவிழ்த்துவிடுவது முறை. வெள்ளையின் மேல்தான் எந்த நிறமும் ஒரே பூச்சில் நிற்கும். போன வருடம் ஜெயித்தது மஞ்சள் சட்டை, நீலப் பட்டை. இந்த வருடமும் எல்லோரும் அடித்துச் சொன்னது அதே முதலாளியின் புதுக் குதிரையைத்தான். அப்படியானால் வெள்ளை எதற்கு? மஞ்சளை அப்படியே விட்டுவைத்தால், ஜெயித்ததும் பையைத் தூக்கி, ஈரத்துணியால் துடைத்தால் வேலை முடிந்தது. முதல் பாட்டிலேயே!

வெள்ளை அடிக்காமல் பையைக் கவிழ்த்தார். இது சூது இல்லை, நேரத்தை மிச்சம் பிடிப்பது என்று தன்னிடமே இரண்டு முறை சொல்லிக்கொண்டார். மனைவியிடம் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

பந்தயம் தொடங்கியது. மைதானத்துக்கு முதுகைக் காட்டி, தகரக் குதிரையின் காலைப் பிடித்துக்கொண்டு அவர் கண்ணை மூடினார். முப்பது வருடமாக, குதிரைக்காகச் சாமி கும்பிடுகிறவர்களைப் பார்த்து, "அவருக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டவர் அவர். இன்று அவர் உதடுகளே முணுமுணுத்தன. "கடவுளே, மஞ்சள். மஞ்சள், ஆண்டவனே."

மைதானம் அலறியது. அப்புறம் சிரித்தது.

"என்னங்க! பதிமூணு! பதிமூணாம் நம்பர்!"

"மஞ்சள் என்னாச்சு?"

"அது பாதி வழியில நின்னு புல்லு மேயுது! ரோஸ் சட்டைங்க, வெள்ளைப் பொட்டு, பச்சைக் கை! கயித்தை இழுங்க!"

பெயிண்டர் பையைத் தூக்கினார். உள்ளே மஞ்சள் சட்டைக்காரன் நிம்மதியாக உட்கார்ந்திருந்தான்.

"வெள்ளையும் அனுப்பும்மா! நிறைய!"

"வெள்ளையா? காலையில அடிச்சீங்களே?" அவள் அண்ணாந்து பார்த்தாள். மஞ்சள் தெரிந்தது. முகம் மாறியது. "அட பாவி மனுஷா! நீங்களா?"

"அப்புறம் திட்டு! இப்ப அனுப்பு!"

முதல் பாட்டு முழுக்க வெள்ளைக்கே போனது. இரண்டாவதில் ஈர வெள்ளையின் மேல் ரோஸ் இழுத்தார், பச்சைக் கை போட்டார். மூன்றாவதில் கட்டை விரலை டப்பாவில் முக்கி முக்கிப் பொட்டு வைத்தார். கடைசிப் பொட்டும் பேண்டின் கடைசி அடியும் ஒன்றாக விழுந்தன. ஆனால் அது ஒரு பக்கம்தான். மண்டபத்தைப் பார்த்த பக்கம். மறுபக்கத்தில் மஞ்சளும் நீலமும் போன வருடம் போலவே பளபளத்தன.

கீழே பதிமூணாம் எண்ணின் முதலாளியம்மாள் கோப்பை வாங்க மேடை ஏறினார். அந்த நேரம் பார்த்துக் காற்று எழுந்தது. தகரக் குதிரை கிறீச்சென்று திரும்பத் தொடங்கியது. இன்னும் ஒரு முழம் திரும்பினால், ஜெயித்த அம்மாளின் தலைக்கு மேல் தோற்றவர் நிறம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

பெயிண்டர் யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் குதிரையின் வாலைப் பிடித்து, நெற்றியை அதன் பின்பக்கத்தில் முட்டுக்கொடுத்து, அப்படியே நின்றார். காற்று இழுத்தது, அவரும் இழுத்தார். "ஆண்டவனே, புத்தி வந்துடுச்சு. காத்தை மட்டும் நிறுத்து."

கீழே பேச்சு அடங்கியது. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். பக்கத்தில் இருந்தவர் கழற்றினார். மண்டபமே தொப்பியைக் கழற்றி, கூரையின் உச்சியில் தலை குனிந்து நின்ற மனிதரைப் பார்த்து எழுந்து நின்றது. முதலாளியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு மறுபக்கத்தையும் அடித்துவிட்டு இறங்கினார். மனைவி காத்திருந்தாள்.

"குதிரைக்குப் பின்னாடி அப்படி என்ன பக்தி?"

"சும்மா இரு. நான் போய் உண்மையைச் சொல்லிட்டு வரேன். வேலை போனா போகட்டும், உன் தம்பியே செய்யட்டும்."

"அவனா? அவன் நாற்காலி மேல ஏறி பல்பு மாத்தவே என்னைக் கூப்பிடுவான். செயலாளருக்கு அது தெரியாது."

செயலாளர் அறையில் பெயிண்டர் ஒன்று விடாமல் சொன்னார். மஞ்சளைச் சொன்னார், பிரார்த்தனையைக்கூடச் சொன்னார். செயலாளர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"கடவுள்கிட்ட. வீட்டுல அதுவா தெரிஞ்சுடுச்சு."

"அதோட நிறுத்திக்குங்க. அந்தம்மா என்ன சொல்லிட்டுப் போறாங்க தெரியுமா? நூத்திப்பத்து வருஷத்துல ஒரு குதிரைக்கு இவ்வளவு மரியாதையை யாரும் செஞ்சதில்லையாம். கமிட்டியில தீர்மானமே போட்டாச்சு."

அடுத்த வருட நிகழ்ச்சி நிரலில் அச்சிலேயே வந்தது: 'கோப்பை வழங்கும்போது பெயிண்டர் குதிரையின் வாலைப் பற்றித் தலை வணங்கி நிற்பார்.' அந்த வருடம் காலையிலேயே இரண்டு பூச்சு வெள்ளை அடித்தார். இரண்டாவது பாட்டிலேயே இரு பக்கமும் முடித்தார். இலை அசையவில்லை. குதிரை ஒரு பக்கமும் திரும்புவதாக இல்லை.

"என்னங்க, வாலு!" என்று கீழிருந்து மனைவி கத்தினாள். "எல்லாரும் தொப்பியைக் கழட்டிட்டு நிக்கிறாங்க!"

பெயிண்டர் பெருமூச்சு விட்டு, வாலைப் பிடித்து, நெற்றியை வைத்தார். வெயிலில் தகரம் சுட்டது. இந்தத் தண்டனையில் நியாயம் இருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது.