மைக் தாமோதரனும் தாழ்ந்த கம்பியும்

மைக் தாமோதரன் சிரித்து நான் பார்த்ததில்லை. பார்த்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொத்தமேட்டில் யாரைக் கேட்டாலும் அந்த ஆளுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்றுதான் சொல்வார்கள். என்னைக் கேட்டால், இந்த ஊரில் குடியிருந்துகொண்டு கோபமே வராதவனுக்குத்தான் உடம்பில் ஏதோ கோளாறு.

ஆந்திராவில், திருப்பதியிலிருந்து வடமாலபேட்டை தாண்டி வருகிற வழியில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது கொத்தமேடு. வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். தெருவுக்குத் தெரு விசைத்தறி. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நான் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கூடவே ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு ஊர்ச் செய்தி அனுப்புகிறேன். அனுப்புவதில் பெரும்பாலானவை வராது. தப்பித் தவறி வருவது எங்கள் எம்.எல்.ஏ. எங்கேயாவது ரிப்பன் வெட்டிய செய்தியாக இருக்கும்.

தாமோதரனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவருடைய பத்திரிகை அவருடைய ஆட்டோதான். கூரைமேல் இரண்டு ஒலிபெருக்கி, மடியில் மைக். நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது, கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் வருகிறார்கள், வெள்ளாடு காணாமல் போய்விட்டது, எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியும். மற்ற ஊர்களில் பதிவு செய்ததைப் போட்டுவிட்டு டிரைவர் போனைப் பார்த்துக்கொண்டு போவான். இவர் நேரடியாகத்தான் பேசுவார், முதலில் தமிழ், பிறகு தெலுங்கு. வருஷக்கணக்கில் தறி ஓட்டியதில் அவருக்குப் பாதி காது போய்விட்டது. அதனால் ஊருக்கே காது கேட்காது என்பது போலக் கத்துவார். நடுவில் கண்ணில் ஏதாவது பட்டுவிட்டால் அறிவிப்பு அங்கேயே தடம் மாறிவிடும்.

“வெள்ளாடு ஒண்ணு காணோம். கழுத்துல சேப்புக் கயிறு கட்டிக்கீது. யோவ் நாகபூஷணம், சாக்கடையில குப்பை கொட்டிக்கினு கீறியே, வெக்கமா இல்ல உனக்கு? மூடிக்கினு எடுய்யா அதை! கழுத்துல சேப்புக் கயிறு, பாத்தவங்க மேட்டுத் தெருவுல வந்து சொல்லுங்க.”

ஆனால் சாவுச் செய்தி சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். யாரையும் திட்ட மாட்டார். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. இன்னார் காலமாகிவிட்டார், இத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று தாமோதரன் சொல்லிவிட்டால், அந்த நேரத்துக்கு எல்லாத் தறியும் நின்றுவிடும். வாழ்நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் கிடந்தவர் சத்தமில்லாமல் போகட்டும் என்பதற்காக. பிணம் தெருவைத் தாண்டியதும் அவரே மைக்கில் “தறி ஓட்டலாம்” என்பார். அதற்கு முன்னால் எந்த முதலாளியும் சுவிட்சில் கை வைக்க மாட்டார். மீறி ஓட்டினால் பாவு நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்று ஒரு பயம். நானும் படித்தவள்தான், எனக்கும் அந்தப் பயம் உண்டு.

இந்த மே மாதம் உமாபதி செத்துப் போனான். சாகடித்தார்கள் என்று எழுதுவதுதான் சரி.

மேட்டுத் தெருவின் குறுக்கே மின்கம்பி ஒன்று தாழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. போன தேர்தலுக்கு முந்தின மழையில் கம்பம் சாய்ந்தது, அன்றிலிருந்து அப்படித்தான். ஓட்டுக் கேட்க வந்தபோது எம்.எல்.ஏ. அந்தக் கம்பிக்கு நேர் கீழே நின்று, முதல் வேலையாக இதை மாற்றித் தருகிறேன் என்றார். ஜெயித்தார். கம்பி இன்னும் ஒரு முழம் இறங்கியது. நான் இரண்டு தடவை செய்தி அனுப்பினேன். முதல் தடவை இடமில்லை என்றார்கள். இரண்டாவது தடவை எம்.எல்.ஏ.வின் பிறந்தநாள், முழுப் பக்கமும் அவர் முகம்.

உமாபதி தறி ஓட்டுகிறவன். பாவு சுற்றிய இரும்பு உருளையைத் தோளில் சுமந்துகொண்டு தெருவைக் கடந்தான். உருளையின் முனை கம்பியில் பட்டது. அவ்வளவுதான். ஓடி வந்த கரண்ட் ஆபீஸ் ஆட்கள் செய்த ஒரே காரியம், அந்தக் கம்பிக்கு ஒரு மூங்கிலை முட்டுக் கொடுத்தது. அதிகாரிகளும் வந்து பார்த்தார்கள். மூங்கில் நன்றாக நிற்கிறது என்று போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அறுத்துக் கட்டி மறுநாள்தான் கொடுத்தார்கள். காலையில் தாமோதரன் ஆட்டோ கிளம்பியது. “மேட்டுத் தெரு உமாபதி காலமாயிட்டாரு. பதினோரு மணிக்கு எடுக்கறாங்க. தறியை நிறுத்திக் குடுங்க.”

பதினோரு மணிக்கு ஊர் அடங்கியது. உடலை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து, குளிப்பாட்டிக் கோடி போட்டுப் பாடையில் வைத்தாயிற்று. அப்போதுதான் சுரேஷ்பாபு வந்தான். எங்கள் ஊரில் எம்.எல்.ஏ.வுக்குக் கையும் காலும் அவன்தான். பின்னாலேயே போட்டோக்காரன். அவனுக்கும் பின்னால் ஒரு ஃபிளெக்ஸ். அதில் கைகூப்பியபடி எம்.எல்.ஏ. ஆள் உயரத்துக்கு இருந்தார், உமாபதி ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு.

“கொஞ்சம் ஆகண்ணா, நில்லு,” என்றான் தாமோதரனிடம். “சார் பராமர்சைக்கு வஸ்தாரு. சார் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க.” பெரிய மனிதர்கள் துக்கம் விசாரிக்க வருவதற்கு இங்கே பராமர்சை என்று பெயர்.

“எப்ப வர்றாரு?”

“மலையில தரிசனம் முடிச்சாச்சு. இதோ, இறங்கிக்கினு கீறாரு.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சாவு வீட்டுக்கு வந்துவிட்டு மலைக்குப் போனால் தீட்டு. அதனால் முதலில் பெருமாளைப் பார்த்துவிட்டு, அப்புறம் உமாபதியைப் பார்க்க வருகிறார். பெருமாளுக்குத் தீட்டுப்படக் கூடாது. எங்கள் பிணம் வெயிலில் கிடக்கலாம்.

பாடையில் வைத்த உடலைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. பந்தல் துணிக்குள்ளேயும் வெயில் எரித்தது. உமாபதியின் மனைவி காஞ்சனா முந்தானையால் ஈ ஓட்டிக்கொண்டே இருந்தாள். அவளும் தறிக் கொட்டகையில் நூல் சுற்றுகிறவள். அழுது ஓய்ந்து, கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. அந்த அமைதியில் சுரேஷ்பாபுவின் போன் மட்டும் ஒரு பக்திப் பாட்டோடு அடிக்கும்.

“மலையடியில அலிபிரி தாண்டியாச்சு,” என்பான். வெகுநேரம் கழித்து, “வடமாலபேட்டை வந்தாச்சு. அங்க நம்ம ஆளு ஒருத்தர் வீட்டுல சாப்பாடு. சாவு வீட்டுக்கு வந்துட்டா குளிக்காம துன்ன முடியாது இல்ல, அதான்.”

இதை அவன் வெட்கமே இல்லாமல் சொன்னான். விளக்கம் சொன்னால் எங்களுக்கும் நியாயமாகப் படும் என்று நினைத்தான் போலிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் சாப்பிட்டுக் கைகழுவும் வரை நாங்கள் காத்திருக்க வேண்டுமாம்.

காற்றில் வாடை வர ஆரம்பித்தது. கூட்டம் மெல்லப் பின்னால் நகர்ந்தது. காஞ்சனா நகரவில்லை. தலையைத் தூக்கித் தாமோதரனைப் பார்த்தாள்.

“அண்ணா, பதினொண்ணுன்னு நீதான சொன்ன?”

 தாமோதரன் முகம் கறுத்துவிட்டது. சாவுச் செய்தியில் அவர் சொன்ன நேரம் அதுவரை தவறியதே இல்லை. எழுந்து வந்து பாடையின் முன்கொம்பில் கையை வைத்தார்.

“தூக்குங்கய்யா.”

சுரேஷ்பாபு குறுக்கே ஓடி வந்தான். “அண்ணா, சார் கோச்சுக்குவாரு!”

“கோச்சுக்கட்டும்! அந்தம்மா புருசனைப் பறி குடுத்துட்டு ஈ ஓட்டிக்கினு கீது, அவரு சோறு துன்னுட்டு வருவாரா? கம்பியைத் தூக்கிக் கட்ட வராத ஆளு, பொணத்தோட போட்டோ புடிக்க வர்றாரா? தள்ளுய்யா!”

அவன் தள்ளவில்லை. காஞ்சனாதான் எழுந்து வந்து அவனை ஒரு கையால் ஒதுக்கிவிட்டாள். அவள் கை பட்டதும் அவன் விலகிக்கொண்டான். அவனுக்கும் தீட்டு பயம்.

பாடை கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் அந்தக் கம்பி வந்தது. மூங்கில் முட்டு கொடுத்தும் பூத்தோரணத்தோடு பாடை அதன் கீழே போகாது. தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கி, குனிந்து, நால்வரும் தவழாத குறையாக அவனைக் கொண்டு போனார்கள். எந்தக் கம்பி அவனைக் கொன்றதோ அதற்கே பிணமாகியும் அவன் தலைவணங்க வேண்டியிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, யாரையாவது அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டோம். பாடை திரும்பி மறைந்ததும் தாமோதரன் ஆட்டோவுக்கு வந்து மைக்கை எடுத்தார். “உமாபதி போயிட்டாரு. தறி ஓட்டலாம்.” ஊர் முழுக்க ஒரே நேரத்தில் தடதடவென்று எழுந்தது.

அந்தச் சத்தத்துக்குள்தான் எம்.எல்.ஏ.வின் கார்கள் வந்து நின்றன. பந்தலில் யாரும் இல்லை. காஞ்சனா தலைக்குக் குளிக்க உள்ளே போய்விட்டாள். எம்.எல்.ஏ. ஃபிளெக்ஸின் முன்னால் நின்று கேமராவைப் பார்த்து ஏதோ பேசினார். வாய் அசைந்தது, ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை. சுரேஷ்பாபு வியர்க்க விறுவிறுக்க ஆட்டோவுக்கு ஓடி வந்தான்.

“அண்ணா, தறியை ரெண்டு நிமிசம் நிறுத்தச் சொல்லுண்ணா. சார் பேசறது ரெக்கார்டு ஆகலை.”

 தாமோதரன் மைக்கைப் போட்டு ஊருக்கே சொன்னார். “செத்தவங்களுக்குத்தான்யா நாங்க தறி நிறுத்துவோம். உங்க சாருக்கு இன்னா ஆச்சு?”

எம்.எல்.ஏ. தலை திரும்பியது. அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. கார்கள் கிளம்பிப் போய்விட்டன.

அன்று சாயங்காலமே நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். மறுநாள் பேப்பரில், ‘மின்சாரம் தாக்கிப் பலியான தொழிலாளி குடும்பத்துக்கு எம்.எல்.ஏ. நேரில் ஆறுதல்’ என்று வந்திருந்தது. ஃபிளெக்ஸ் முன்னால் கைகூப்பிய படம். கம்பி என்ற வார்த்தையே இல்லை. கீழே ‘நமது நிருபர்’ என்று நான். ஆபீசுக்குப் போன் செய்து கத்தினேன். மேலிடம், மேலிடம் என்றார்கள். எந்த மேலிடம் என்று கேட்டால் வைத்துவிட்டார்கள்.

அதற்குள் தாமோதரன் பேப்பரைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி கடைக்குள் வந்துவிட்டார்.

“ரேகா, இது நீ எழுதினதா?”

“இல்லண்ணா.” போனில் நான் அனுப்பியதைக் காட்டினேன். போனைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துப் படித்தார், உதடு அசைந்துகொண்டே இருந்தது. முடித்துவிட்டுப் போனைத் திருப்பித் தராமல் ஆட்டோவில் போய் உட்கார்ந்தார்.

அன்றைக்குத் தெருத் தெருவாகப் போய் என் செய்தியை மைக்கில் படித்தார். சாவுச் செய்திக்கு வருகிற அந்தத் தாழ்ந்த குரலில். மழையில் கம்பம் சாய்ந்தது, எம்.எல்.ஏ. கொடுத்த வாக்கு, இரும்பு உருளை, பதினோரு மணி, வடமாலபேட்டைச் சாப்பாடு, எதையும் விடவில்லை. தமிழில் படித்தார், பிறகு தெலுங்கில். முதல் தெருவில் ஒரு தறி நின்றது. காதில் விழவில்லையே என்று அடுத்த கொட்டகைக்காரரும் நிறுத்தினார். அவர் மேட்டுத் தெருவுக்கு வந்து சேரும்போது கொத்தமேட்டில் ஒரு தறியும் ஓடவில்லை.

படித்து முடித்து அந்தக் கம்பிக்கு நேர் கீழே ஆட்டோவை நிறுத்தினார். “கம்பி இன்னும் இங்கதான் தொங்கிக்கினு கீது,” என்றார். மைக்கை அணைத்தார். எல்லாரும் காத்திருந்தோம். அந்த இரண்டு வார்த்தையை அவர் சொல்லவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் தறி முதலாளி கோபிகிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். “யோவ் தாமோதரா, விளையாடறியா? தறி ஓட்டலாம்னு சொல்லுய்யா.”

“கம்பியை எடுக்கச் சொல்லு. எடுத்ததும் சொல்றேன்.”

“நானா வச்சேன் கம்பியை?”

“எடுக்கச் சொல்லி நீ ஒரு வார்த்தை கேட்டியா?”

 கோபிகிருஷ்ணன் நின்றுபோன தன் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, முதல் தடவையாக, சுரேஷ்பாபுவைக் கூப்பிட்டுத் தெலுங்கில் கத்த ஆரம்பித்தார். காஞ்சனா தன் வீட்டுக்குள்ளேயிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து ஆட்டோவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.