கணினி அணைந்தால் மறுநாள் கறி

என் தம்பியின் கணினி விளையாட்டின் நடுவே அணைந்துபோவது ஏன் என்று கண்டுபிடிப்பதற்கு எங்களுக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆனது. தேடத் தொடங்கியபோது, போனால் அவனுக்கு ஓர் அணியில் கிடைக்கவிருந்த இடம் போகும், அவ்வளவுதான் என்று நினைத்தோம். காரணம் தெரிந்த அன்று, போகக்கூடியது எங்கள் கொல்லை வழியே நடப்பவர்களின் உயிர் என்பது தெரிந்தது.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் சாலையில், மலை ஏறுவதற்குச் சற்று முன்பாக, சாலையை விட்டு உள்ளே தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. ஊருக்குள் இல்லை, கொல்லையில், அதாவது வயல்களுக்கு நடுவே. ஒருபுறம் எங்கள் கரும்பு, மறுபுறம் பெரியப்பாவின் மரவள்ளி. எங்கள் சமூகத்தின் இட ஒதுக்கீட்டுக்கான போராட்டம் மறுபடியும் சூடுபிடித்திருந்த காலம் அது. நான் பொறியியல் முடித்துச் சென்னையில் பார்த்த வேலை கொரோனா காலத்தில் போய்விட, அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். போராட்டம் யாருக்காக என்று பெரியப்பாவைக் கேட்டால் என்னைத்தான் கை காட்டுவார்.

தம்பிக்குத் தேர்வுகளில் நம்பிக்கை இல்லை. துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றில் அவன் கை அசாத்தியமாக ஓடும். அதற்கென்றே கள்ளக்குறிச்சியில் ஒரு கணினியைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டி வாங்கியிருந்தான். கோயம்புத்தூரில் ஓர் அணி அவனைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. சண்டை உச்சத்தில் இருக்கும்போது திரை கறுத்துவிடும். அணிக்காரர்கள் அவனுக்குக் ‘கரண்ட் கட்டு’ என்று பெயர் வைத்தார்கள்.

“இன்னாக்கா இது, கரெக்டா சுடும்போதுதான் சாவுது,” என்பான். “சும்மா படம் பாத்துகினு இருந்தா ஒண்ணும் ஆவறதில்ல.”

முதலில் சூட்டைச் சந்தேகித்தோம். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியை நேராக வைத்தோம். பிறகு ரேமைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் பித்தளை நிறப் பற்களைத் தேய்த்துப் பொருத்தினேன். அப்புறம் கிராஃபிக்ஸ் கார்டு. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் ஒழுங்காக ஓடும், வெற்றி என்று நினைப்போம், மறுபடி கறுக்கும். கடைக்காரர் பவர் சப்ளையை மாற்றிக் கொடுத்து, பகல் முழுக்கத் தன் கடையிலேயே விளையாட விட்டுக் காட்டினார். அங்கே ஒரு முறைகூட அணையவில்லை.

“மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா. உங்க வூட்டு கரண்ட்ட பாருங்க,” என்றார்.

பார்த்தேன். மின்சாரம் வருவதற்கு ஒரு கம்பி வேண்டும், திரும்பிப் போவதற்கு ஒரு கம்பி வேண்டும். எங்கள் வீட்டுக்குக் கம்பத்திலிருந்து வந்தது ஒன்றுதான். அப்பா இருந்த காலத்தில் ஒரு புயலில் மற்றது அறுந்து விழுந்திருக்கிறது. லைன்மேன் வரும்வரை இருட்டில் இருப்பானேன் என்று அப்பா இரும்புக் குழாய் ஒன்றைத் தோட்டத்தில் அடித்து இறக்கி, வீட்டு ஒயரை அதில் முறுக்கிவிட்டார். விளக்கு எரிந்தது. லைன்மேனை யாரும் பிறகு கூப்பிடவில்லை. எங்கள் வீட்டில் மின்சாரம் மண் வழியாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கொல்லையில் இருக்கும் வீடுகளில் பாதிக்கு இப்படித்தான். மண் காய்ந்தால் விளக்கு மங்கும். உடனே யாராவது ஒரு குடம் தண்ணீரைக் குழாயடியில் ஊற்றுவார்கள். அம்மா பாத்திரம் கழுவும் தண்ணீரை அங்கேதான் கொட்டுவார். அதைச் சுத்தக்குறைவு என்று நான் சிறுவயதில் சண்டை போட்டிருக்கிறேன்.

மின்விசிறிக்கும் விளக்கிற்கும் அந்த மண் போதும். விளையாட்டின் உச்சத்தில் அந்தக் கணினி இழுக்கும் மின்சாரத்துக்குப் போதவில்லை. குழாயைச் சுற்றிக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு நனைத்தேன். யூபிஎஸ் ஒன்றும் வாங்கினோம். அதன் பேட்டரி குறைந்த மின்னழுத்தத்தில் தவித்துச் சீக்கிரமே செத்தது. ஆனால் குழி வேலை செய்தது. மழைக்காலம் தொடங்கியபின் கணினி அணையவே இல்லை. அணிக்காரர்கள் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள்.

மரவள்ளி கிழங்கு வைத்த பருவத்தில் மீண்டும் அணைந்தது. இந்த முறை மண் ஈரமாக இருந்தது. அதனால் என் விளக்கம் பொருந்தவில்லை. மாலை மங்கியபிறகு மட்டும் அணைந்தது. அணைவதற்கு முன் விளக்கு ஒரு கணம் சிவந்து தாழ்ந்தது. இதையெல்லாம் நான் தலையில் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தபோது, காரணத்தைச் சொன்னவன் தம்பிதான். அவன் அதை வேடிக்கையாகச் சொன்னான். பெரியப்பா வீட்டிலிருந்து மூடிய தூக்குச்சட்டியில் காட்டுப்பன்றிக் கறி வந்திருந்தது.

“அக்கா, ஒண்ணு கவனிச்சியா? கம்ப்யூட்டர் ஆஃப் ஆனா மறுநாள் நம்ம வூட்ல கறி.”

அம்மா சிரித்தார். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மலையிலிருந்து இறங்கும் பன்றிகள் ஒரே மாலையில் பாத்தி பாத்தியாக மரவள்ளியைப் பறித்துப் போட்டுவிடும். பெரியப்பா மோட்டார் கொட்டகையிலிருந்து மின்சாரம் ஓடும் கம்பியை எடுத்து, முழங்கால் உயரத்தில் வயலைச் சுற்றிக் கட்டியிருந்தார். பன்றி மோதி, கம்பியை இழுத்துக்கொண்டு வாய்க்கால் தண்ணீரில் விழும்போது, அவ்வளவு மின்சாரமும் மண்ணில் இறங்குகிறது. எங்கள் வீட்டு மின்சாரம் திரும்பிப் போகும் மண்ணும் அதே மண்தான். இந்தப் பருவத்தில் திரை கறுத்த ஒவ்வொரு முறையும் அங்கே ஓர் உயிர் கம்பியைத் தொட்டிருந்தது.

மின்வாரியத்தில் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் பெரியப்பா மீது வழக்கு வரும். பன்றிக்காக வனத்துறையும் வரும். எங்கள் குழாயும் குற்றம்தான். சொல்லாவிட்டால் வரப்பில் நடக்கும் ஏதோ ஒரு கால் அந்தக் கம்பியில் படும். நேரில் கேட்பதென்று முடிவு செய்து போனேன்.

“நீ படிச்ச பொண்ணு, பேசுவ,” என்றார் பெரியப்பா. “ராத்திரி முழுக்க நான் தகரத்த தட்டிகினு உக்காந்திருக்கட்டுமா?”

“ஆள் செத்தா இன்னா பண்ணுவீங்க, பெரியப்பா?”

“எவன் வர்றான் அந்தப் பக்கம்? நம்ம ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். வேலைக்கு வர்றவங்களும் போனப்பறந்தான் போடறேன்.”

நீண்ட நேரம் வாதாடியபின் இரண்டுக்கு ஒப்புக்கொண்டார். நன்றாக இருட்டி, வெள்ளிமலைக்குப் போகும் கடைசிப் பேருந்தும் போனபிறகே கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது. கொடுத்திருக்கும்போது கொட்டகை வாசலில் ஒரு பெரிய குண்டு பல்பு எரிவது. பல்பு என் யோசனை. கம்பியையும் பல்பையும் ஒரே சுவிட்சில் நானே இணைத்தேன். பல்பு எரிந்தால் வயலில் கால் வைக்கக் கூடாது என்பது சுற்றியுள்ள எல்லா வீடுகளுக்கும் தெரிந்தது. அதற்குமேல் என்னால் அவரை நகர்த்த முடியவில்லை.

சாலை மறியலுக்கென்று அறிவித்திருந்த நாளன்றுதான் தம்பிக்குக் கடைசித் தேர்வு ஆட்டம். மதியமே ஊர் ஆண்கள் கிளம்பிவிட்டார்கள். சாலையோரத்துப் புளியமரம் ஒன்றை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பெரியப்பா போகிற வழியில் எங்கள் வாசலில் நின்றார்.

“உனக்கோசரந்தான் பாப்பா, ரோட்ல குந்தப் போறோம். வேல கெடச்சதும் பெரியப்பனை மறந்துடாத.”

“தண்ணி எடுத்துகினு போங்க, பெரியப்பா,” என்றேன். அவர் மீது எனக்குப் பிரியம் உண்டு.

மறியல் எப்போது முடியும், போலீஸ் பிடித்துப் போகுமா என்று எதுவும் தெரியாததால், திரும்பிவர இருட்டிவிடும் என்று அவர் போகும்போதே கம்பிக்குச் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வேலை ஆட்கள் அன்று யாரும் இல்லை. ஆகையால் ஆபத்து இல்லை என்று நினைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நின்றது. பகல் வெளிச்சத்தில் எரிந்த அந்தப் பல்பு எங்களுக்குத் தெரியவில்லை.

மாலை மங்கும் நேரம். தம்பி ஆடிக்கொண்டிருந்தான், நான் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நன்றாக ஆடினான். காதில் மாட்டியதில் அணிக்காரர்கள் கத்துவது எனக்கே கேட்டது. விளக்கு சிவந்து தாழ்ந்தது. திரை கறுத்தது.

வழக்கமாக மேசையைக் குத்துவான். அன்று காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான்.

“கடைசி பஸ்சு இன்னும் போவலயே?” என்றான்.

“பஸ்சே ஓடலடா இன்னிக்கு.”

அதைச் சொன்னபிறகுதான் எனக்கே புரிந்தது. பேருந்து ஓடவில்லை என்றால் பேருந்தில் போகவேண்டியவர்கள் நடக்கிறார்கள்.

வரப்பில் ஓடினோம். நான் கொட்டகைக்குப் போய் பியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். பல்பு அணைந்தது. அணைந்ததும் வயலின் மறுபக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

“வெளக்க ஏன் அணைக்கிறீங்க? ஆளு இருக்கீங்களா? வாங்களேன், இங்க வாங்களேன்.”

அவருடைய கணவர் வாய்க்காலில் குப்புறக் கிடந்தார். அருகில் ஒரு சாக்கு மூட்டை சரிந்து, வாங்கிய துணிகள் தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தன. மலைக்காரர்கள். கள்ளக்குறிச்சிச் சந்தைக்கு வந்துவிட்டுத் திரும்பியவர்கள். தம்பி அவரைப் புரட்டி நெஞ்சில் அழுத்திக்கொண்டே இருந்தான். போதும் என்று நான் சொன்னபிறகும் அழுத்தினான். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, விளக்கம் கேட்காத என்னிடம் விளக்கம் சொன்னார்.

“ரோட்ல மரம் கெடந்திச்சிங்க. கொல்ல வழியா சுத்திப் போங்கன்னு சொன்னாங்க. வழி தெரியல. வெளக்கு எரிஞ்சிது. வெளக்கு எரிஞ்சா ஆளு இருப்பாங்க, கேட்டுகினு போலாம்னு வந்தோம்.”

பல்பு எரிந்தால் விலகிப் போகவேண்டும் என்று சுற்றியிருந்த அத்தனை பேருக்கும் சொல்லிவைத்திருந்தோம். அது எங்கள் ஊர்ப் பேச்சு. வெளியூர்க்காரருக்கு விளக்கு என்றால் மனிதர்.

தகவல் போய், உடலைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோக ஜீப் வந்தது. மறியலில் இருந்தவர்கள் அந்த ஜீப்புக்காக மரத்தை நகர்த்தினார்கள். கூட்டம் முழுவதும் எழுந்து நின்றதாகச் சொன்னார்கள். பெரியப்பாவும் மரத்துக்குத் தோள் கொடுத்திருக்கிறார். ஜீப்பில் போவது யார், எதனால் என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

தெரிந்தபின் வந்தார். கம்பியைச் சுருட்டக்கூட முயலவில்லை. எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து, “பாம்பு கடிச்சிதுன்னு சொல்ல முடியுமா, பாப்பா?” என்று கேட்டார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. பெரியவர்கள் சிலர் வந்து, இந்த நேரத்தில் இது வெளியே போனால் போராட்டத்துக்கே கெட்ட பெயர் என்றார்கள். அது பொய்யல்ல. ஒரு வழக்கைக் காட்டி ஒரு சமூகத்தின் கோரிக்கையை ஏளனம் செய்ய ஆட்கள் காத்திருந்தார்கள். அந்தப் பக்கமும் எடை இருந்தது. மறுதட்டில் சாக்கு மூட்டையின் துணிகளைப் பிழிந்துகொண்டிருந்த ஒரு பெண் இருந்தார்.

காவல் ஆய்வாளர் வந்தபோது, நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சொல்லிவிட்டான்.

“கம்ப்யூட்டர் ஆஃப் ஆச்சி சார். அதான் ஓடுனோம்.”

“கம்ப்யூட்டருக்கும் இதுக்கும் இன்னாப்பா சம்பந்தம்?”

நான் சொன்னேன். குழாய், மண், பன்றி, கம்பி, பல்பு என்று வரிசையாக, பல்பை மாட்டியது நான் என்பது உட்பட. பெரியப்பா தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், “பொண்ணு சொல்றது நெசந்தாங்க,” என்றார்.

வழக்கு நடக்கிறது. ஜாமீனில் வந்த பெரியப்பா எங்கள் வாசலைக் கடக்கும்போது நடையை எட்டிப்போடுகிறார். மரவள்ளி நிலம் தரிசாகக் கிடக்கிறது. பன்றிகள் தாராளமாக வந்து போகின்றன. நாங்கள் கேட்ட ஒதுக்கீடு சட்டமாக வந்தது, பிறகு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. கோயம்புத்தூர் அணியிலிருந்து தம்பிக்கு அழைப்பு வரவில்லை, அவனும் கேட்கவில்லை.

மின்வாரியத்தார் இரும்புக் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கம்பத்திலிருந்து இரண்டாவது கம்பியை இழுத்துக் கட்டினார்கள். விளக்குகள் அசையாமல் எரிகின்றன. அம்மாவுக்கு மட்டும் பழக்கம் போகவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய், குழாய் இருந்த பள்ளத்தில் இன்றும் ஊற்றிவிட்டு வருகிறார்.