ஓடி ஒளிந்தவர் எழுதிய தடிப் புத்தகம்

நூலகத்தில் அந்தப் புத்தகத்தை எடுக்கும்போதே எனக்கு அதன் மேல் கோபம். தலையணை கனம். சொந்த நாட்டிலிருந்து தப்பி, வெளிநாட்டில் பொய்ப் பெயரில் பல வருஷம் ஒளிந்து வாழ்ந்த ஒருவர் தன் கதையைத் தானே எழுதியிருந்தார். அதை எடுத்ததற்குக் காரணம் என் தம்பி.

அரபு நாட்டுக்கு டிரைவர் வேலைக்குப் போனவன் அவன். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்ட முதலாளியின் அடி தாங்காமல் ஒரு நாள் ஓடிவிட்டான். அதிலிருந்து அங்கே அவன் ஒளிந்து வாழ்கிற ஆள். யார் யாருடைய போனிலிருந்தோ கூப்பிடுவான், அதுவும் அமாவாசையில் மட்டும். எங்கள் தெருவில் அன்றைக்குத்தான் தறிக்கு லீவு. மற்ற நாளில் அப்பா தறியில் இருப்பார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவாள். அந்தச் சத்தத்தில் யாரோடும் பேச முடியாது. நானும் பட்டுக்கடை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அமாவாசைக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் கூடிவிடுவார்கள். ஸ்பீக்கரைப் போட்டு ஆளுக்கு ஒன்று கேட்போம்.

"எந்த ஊர்ல இருக்கிறே?"

"யார்கூட தங்கிக்கினு இருக்கிறே?"

"போலீசு புடிச்சா இன்னா பண்ணுவே?"

பிறகு அமாவாசைக்கும் போன் வராமல் போயிற்று. பெத்தவங்களை மறந்துட்டான் என்று நான்தான் முதலில் கத்தினேன்.

அதே கோபத்தோடுதான் படித்தேன். பாதிப் புத்தகம் வரைக்கும் அந்த ஆளோடு ஒரே சண்டை. தின்றது, தூங்கினது, தெருவில் பார்த்த நாய் என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார். யோவ், உன் அம்மாவுக்கு ஒரு போன் போட்டா குறைஞ்சா போயிடுவே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே புரட்டினேன்.

அதற்கு அவரே பதில் எழுதியிருந்தார். போலீசைவிட வீட்டோடு பேசத்தான் அவருக்குப் பயமாம். எங்கே இருக்கிறாய் என்று அம்மா கேட்பாள். உண்மையைச் சொன்னால் அவள் தூக்கம் போய்விடும். பொய் சொல்ல வாய் வராது. அதனால் பேச்சையே விட்டுவிட்டாராம். ஒன்றும் கேட்காமல், இன்றைக்கு வீட்டில் நடந்ததை மட்டும் யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கினாராம். அந்த இடத்தில் மூடி வைத்துவிட்டு அழுதேன். நாங்கள் பாசம் என்று நினைத்துக் கேட்டதெல்லாம் தம்பிக்கு விசாரணையாக இருந்திருக்கிறது. அந்த மனுஷர் எந்த ஊரில் இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவர் சொல்லாவிட்டால் எனக்கு இந்த ஜென்மத்தில் புரிந்திருக்காது.

தம்பி கடைசியாகப் பேசிய நம்பருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "அமாவாசைக்குப் பண்ணாதபா. தறி ஓடுற நேரத்துல பண்ணு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்." அந்த நம்பர்க்காரர் யாரோ, புண்ணியவான், அவனிடம் சேர்த்துவிட்டார்.

போன் வந்தபோது நானும் அம்மா வீட்டில்தான் இருந்தேன். அப்பா தறியை நிறுத்த மிதியிலிருந்து காலை எடுக்கப் போனார்.

"நிறுத்தாதபா, நெய்யி" என்று சொல்லிவிட்டுப் போனைத் தறி ஓரம் வைத்தேன். அந்தச் சத்தத்தில் யார் என்ன கேட்க முடியும்? அம்மா மட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டே, மாம்பழக் கலர்ச் சேலை தறியில் ஏறியிருப்பதையும் காலையில் பால் பொங்கி வழிந்ததையும் கத்திக் கத்திச் சொன்னாள். வெகுநேரம் அவன் போனை வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அடிக்கடி கூப்பிட்டான். ஒரு நாள் அவனே தறியை நிறுத்தச் சொன்னான்.

"இங்க பொதுமன்னிப்பு குடுக்கிறாங்க. ஆபீஸ்ல போய் நின்னா ஊருக்கு அனுப்பிடுவாங்களாம். வெறுங்கையோட தான் வருவேன். வரலாமாக்கா?"

பிறந்த வீட்டுக்கு வர இவன் என்னிடம் கேட்கிறான். இத்தனை நாள் போனில் அவனோடு ஒரு வார்த்தை பேசாத அப்பா, தறியிலிருந்தபடியே எட்டி, "உன் வூடுதானேடா, வா" என்றார்.

வந்துவிட்டான். நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நேற்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவனாகவே ஆரம்பித்தான்: "அங்க நான் எங்க இருந்தேன் தெரியுமாக்கா?"