முனியாண்டி கோவிலில் இருந்த சக்கர மூடி

மண்ணெண்ணெய் தொட்ட துணியின் வாடை எங்கே வந்தாலும் எனக்கு அப்பாவின் விரல்கள்தான் நினைவுக்கு வரும். கடல் தாண்டி, மூவார் பட்டணத்துக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில், முப்பதுகளின் தொடக்கத்தில், வெள்ளைக்காரத் துரையின் காருக்கு அவர் டிரைவர். காரின் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் கிண்ணம் போல ஒரு வெள்ளை உலோக மூடி திருகியிருக்கும். அதற்கு எங்கள் வீட்டில் "சக்கரத் தொப்பி" என்று பெயர். அப்பா அவற்றைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, மண்ணெண்ணெய் போட்டு முகம் தெரியத் துடைப்பார்.

ஒரு மழைக்காலத்தில் அதில் ஒன்று வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. மேற்பார்வைக்குப் பெரிய துரை வருவதற்குள் மூடி வந்தாக வேண்டும், இல்லையென்றால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று துரை சொல்லிவிட்டார். வேலை போனால் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எங்களுக்கு இருந்த வீடும் போகும். வெளியே சொன்னால் கேவலம் என்று அப்பா யாரிடமும் விசாரிக்காமல், தானே செம்மண் பாதை நெடுகக் குனிந்து தேடினார். மூவாரில் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினார். "இந்த மாதிரி தடா லா, இல்ல, வேற காருக்குத்தான் இருக்கு" என்று கடை முதலாளியான சீனத் தவுக்கே கையை விரித்துவிட்டாராம்.

வெள்ளிக்கிழமை முனியாண்டி கோவிலுக்குப் போன அம்மா அரக்கப்பரக்க ஓடிவந்தாள். "நம்ம தொப்பி அங்க துன்னூறு கிண்ணமா இருக்குங்க!" பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போன யாரோ அதைப் பாதையில் கண்டெடுத்து, வெள்ளிப் பாத்திரம் என்று நினைத்திருக்கிறார். வழியில் கிடைத்த நல்ல பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் சாமிக்கு வைப்பது எங்கள் லயத்து வழக்கம்.

அப்பாவோடு நானும் போனேன். அவர் கிண்ணத்தைத் தொடவில்லை. ஒரு சிட்டிகை திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டு திரும்பிவிட்டார்.

"கேட்டா குடுத்துருவாங்க" என்று அம்மா அழுதாள்.

"குடுப்பாங்க. ஊரே துன்னூறு எடுத்துப் பூசுனத நான் கொண்டுபோய்ச் சேத்துல உருட்டவா? இத வெளிய மூச்சு விடாத."

எனக்கு அப்பாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. சாமிக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை போதாதா?

கடைசியில் தவுக்கே கடையிலிருந்த வேறு காரின் மூடியையே வாங்கிவந்து, அளவு சேராத இடத்தில் ரப்பர் ஷீட்டை வெட்டிச் சுற்றி, இறுக்கி மாட்டினார். பெரிய துரை வந்த அன்று, பங்களா வாசலிலேயே அது கழன்று உருண்டு அவர் காலின் சப்பாத்தில் போய் மோதியது. அன்று மாலையே அப்பாவின் வேலை போயிற்று.

நாங்கள் ஜொகூர் பாருவுக்குக் கிளம்பியபோது லயமே திரண்டு வந்தது. "ஏன் டிரைவரண்ணே, திடீர்னு நிப்பாட்டிட்டாங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். "அவுங்க மனசு, நாம என்ன செய்ய?" என்றார் அப்பா. பூசாரி அந்தக் கிண்ணத்தையே கையில் ஏந்தி வந்து, போகிற இடத்தில் நல்லா இருங்க என்று எங்கள் மூவர் நெற்றியிலும் திருநீறு இட்டார். அப்பா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

இப்போது அங்கே ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. கோவில் இருந்த மேட்டையும் இயந்திரம் வாரிவிட்டது. அப்பா சாகும்வரை அந்த லயத்து ஆட்களில் ஒருவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால், பிறகு அந்தக் கிண்ணத்திலிருந்து திருநீறு எடுக்க அவர்களுக்குக் கை வந்திருக்காது.