சகலை வாங்கிய கறுப்புக் கார்

அந்தக் காரின் மைல் மீட்டரில் ஐந்தே கட்டங்கள். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் என்று காட்டியது. தாமல் ஏரிக்குப் பக்கத்தில், சமண நயினார் ஒருவரின் நெற்களத்தில், வேட்டி நுனியால் அந்தக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்த என் சகலையின் முகம் இன்றும் மறக்கவில்லை. பெண் பார்க்க வந்தவன்கூட அப்படிப் பூரித்திருக்க மாட்டான். எனக்கோ வயிறு எரிந்துகொண்டிருந்தது.

நானும் அவரும் ஐயம்பேட்டையில் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். நான் அக்காளைக் கட்டியவன், அவர் தங்கையை. இரண்டு பேருமே காஞ்சிபுரத்தில் கூலிக்குப் பட்டு நெய்தவர்கள்தான். அறுபதுகளின் கடைசியில் அவர் சொந்தத் தறி போட்டு, சேலைகளைத் தானே மதராஸ் கடைகளுக்குக் கொண்டுபோகத் தொடங்கினார். நான் அதே தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தேன். அதுவரை பண்டிகைக்குப் போனால் என் இலையில் முதலில் பரிமாறச் சொன்ன மாமனார், "சின்ன மாப்ள வந்துடட்டும்பா" என்று என்னைக் காக்க வைக்க ஆரம்பித்தார். என் மனைவி வேறு, "தங்கச்சி இனிமே கார்லதான் வருவாளாம்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். சகலை நல்ல மனுஷன். அதுதான் இன்னும் கடுப்பு. கெட்டவராக இருந்தால் திட்டியாவது ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

கார் பார்க்க என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. எங்களில் பழைய தறி வாங்கப் போகிறவர் தனியாகப் போவதில்லை. அவர் தறியில் உட்கார்ந்து கொஞ்சம் நெய்து பார்ப்பார். கூடப் போனவர் வெளியே நின்று சத்தத்தைக் கேட்பார். குறை இருந்தால் கேட்டவர் சொல்லியே ஆகவேண்டும். நன்றாக இருந்தால் வாயைத் திறக்கக் கூடாது, கண் பட்டுவிடும். அவர் பேசாமல் நின்றால் தாராளமாக வாங்கலாம் என்று பொருள். "உங்க காது வேணும்ணா. அவ வளையலை வித்துதான் வாங்கப் போறேன். தப்பாப் போச்சின்னா வூட்ல தலை காட்ட முடியாது" என்றார் சகலை.

நயினாரின் டிரைவர் சகலையை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரையில் ஒரு சுற்றுப் போனார். நான் களத்தில் நின்றேன். கார் சத்தத்தில் எனக்கென்ன தெரியும்? அப்போது நயினார் அருகே வந்தார். "தம்பி, மீட்டர் ஒரு தடவை லட்சத்தைத் தொட்டு சைபருக்குத் திரும்பிடுச்சி. அதுக்கு மேலதான் இந்தப் பன்னெண்டாயிரம். மறைச்சி விக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல. அவரு ஆசையா இருக்காரு, நீயே பக்குவமா சொல்லிடு." சரி என்று தலையாட்டினேன்.

கார் திரும்பியது. சகலை இறங்கி என் முகத்தைப் பார்த்தார். அந்த வண்டி நடுத்தெருவில் நிற்க, நாலு பேர் தள்ள, மாமனார் வேடிக்கை பார்க்கும் காட்சி எனக்குள் ஓடியது. அது அன்றைக்கு எவ்வளவு தித்தித்தது என்று நினைத்தால் இப்போது கூசுகிறது. நான் வாயைத் திறக்கவில்லை. தள்ளி நின்ற நயினார் என்னைப் பார்த்தபோது, சொல்லியாயிற்று என்பதுபோல் தலையை அசைத்தேன். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

நான் ஆசைப்பட்டது நடக்க ஆறு மாதம் ஆனது. ஒரு நாள் நாங்கள் இருவரும் போகும்போது ஓரிக்கை ரோட்டில் கார் நின்றுவிட்டது. சகலை ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் தள்ள, நான் பின்னால் தள்ளினேன். உள்ளுக்குள் ஒரே குதூகலம். "பன்னெண்டாயிரம் மைல் வண்டி இப்படி நிக்குதேப்பா" என்று குத்தினேன்.

அவர் சிரித்தார். "எங்கணா பன்னெண்டாயிரம்? பிரேக் மிதி தேஞ்சி வழவழன்னு இருந்துச்சே, பாக்கல? நம்ம தறி மிதியே பத்து வருஷம் மிதிச்சாதான் அப்படி ஆவும். மீட்டரு பொய்யின்னு அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி."

என் கை நின்றது. தறிக்காரன் எதை முதலில் பார்ப்பான் என்பது தறிக்காரனான எனக்கே தோன்றாமல் போயிருந்தது. "தெரிஞ்சுமா வாங்கினே?"

"வேணாம்னு சொல்லத்தான் எறங்கி வந்தேன். நீங்க ஒண்ணுமே சொல்லாம நின்னுக்கினு இருந்தீங்க. மிதி தேஞ்சா தேயட்டும், அண்ணன் காதுல குறை எதுவும் வுழலையேன்னு வாங்கிட்டேன். தள்ளுங்கணா, கெளம்பிடும்."

தள்ளினேன். கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகும் அது பல வருஷம் ஓடியது, பண்டிகைக்கு எங்களையும் ஏற்றிக்கொண்டு. உண்மையை நான் கடைசி வரை அவரிடம் சொல்லவில்லை. கார்மீது இருந்த பொறாமை எப்போதோ போய்விட்டது. தன் கண்ணில் பட்டதையே ஒதுக்கிவிட்டு ஒருவனை அப்படி நம்ப முடிந்ததே, அந்த மனசின் மேல் இருக்கும் பொறாமை மட்டும் போகவில்லை.

போன மாதம் என் மகன் பழைய கார் ஒன்றைப் பார்க்கக் கிளம்பினான். "கூட யாரைக் கூட்டிக்கினு போலாம்பா?" என்று கேட்டான். நெடுநேரம் யோசித்தேன். சகலையைத் தவிர ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது.

"நீயே வாயேன்பா" என்றான்.

"நான் வேணாம்பா" என்றேன்.