பட்டியலில் ஒரே ஒரு வரி

வாகனப் பதிவு அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவருக்கு நாற்பத்து மூன்று வயது. ஆளைப் பார்த்துப் பேசுவதைவிடத் திரையைப் பார்த்துப் பேசுவது அவருக்குச் சுலபம். பதினாறு வருடத்தில் அவர் சொன்னது எதுவும் தப்பானதில்லை. தப்பானதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான், அவரும் வெளியே சொன்னதில்லை.

மூன்றாவது கவுண்டரில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவர் அவருடைய மாமியார்.

அந்த வாரம் முழுக்க, மதியம் பன்னிரண்டு அடித்தால் பதிவேட்டுக் கோப்பு அடம்பிடித்தது. கோப்பு இருக்கும் பெரிய கணினியை மாலையில் அணைத்துப் போடும்வரை புதிதாக ஒரு வண்டியைக்கூட ஏற்ற விடவில்லை. வரிசையில் நின்றவர்கள் கண்ணாடியைத் தட்டினார்கள். ஏதோ ஒரு புரோகிராம் கோப்பைப் பூட்டிவிட்டு விடமாட்டேன் என்கிறது. எந்தக் கோப்பை யார் பூட்டியிருக்கிறார்கள் என்று கேட்டால் கணினி ஒரு பட்டியல் தரும். கேட்டார். ஒரே ஒரு வரி வந்தது. மூன்றாவது கவுண்டர்.

“தேடுறதுக்குத்தான் தொறக்குறேன் மாப்பிள்ளை. பாத்ததும் மூடிடுறேன்” என்றார் மாமியார்.

“பட்டியல்ல நீங்க மட்டும்தான் இருக்கீங்க அத்தை.”

அப்படியே அறிக்கையும் எழுதிக் கொடுத்தார். சொந்தமென்று சலுகை காட்டாத தன் நேர்மையை நினைத்து அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மாமியாரைக் கீழ்த்தளத்துப் பழைய ஆவண அறைக்கு மாற்ற மேலாளர் முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கையெழுத்து. கவுண்டர் இல்லாத மாமியாரைக் குடும்பத்தில் யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை, குறிப்பாக மாமனாரால்.

அன்று காலையே மாமியாரை எழுந்திருக்கச் சொல்லி மூன்றாவது கவுண்டர் கணினியை அணைத்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குக் கோப்பு மறுபடி பூட்டிக்கொண்டது. பட்டியலைக் கேட்டார். ஒரு வரிகூட இல்லை. பூட்டு இருக்கிறது, பூட்டியவரைக் காணோம்.

அந்தப் பெரிய கணினிக்குள் தனித்தனி அறைகளாகத் தடுத்து வைத்தவர் அவர்தான். கவுண்டர் புரோகிராம்கள் எல்லாம் ஒரு அறையில். புகார் அங்கிருந்து வந்ததால் அவர் எப்போதும் அந்த அறைக்குள் நின்றே பட்டியலைக் கேட்டார். உள்ளே கேட்டால் உள்ளே இருப்பவர்களை மட்டும்தான் கணினி காட்டும்; தேடத் திறந்தாலே விழும் சின்னப் பூட்டோடு அன்று உள்ளே இருந்தவர் மாமியார் மட்டும். வெளியே இருப்பவன் பூட்டினால் ஆள் தெரியாது, அடி மட்டும் விழும். இது அவருக்குத் தெரியாததல்ல. மூன்று பேருக்குப் பாடமே எடுத்திருக்கிறார்.

வெளியே வந்து கேட்டார். நாற்பது வரி வந்தது. பதிவேட்டைப் பூட்டியிருந்தது தினமும் பன்னிரண்டு மணிக்கு அதைப் பிரதி எடுக்கும் புரோகிராம். எழுதியவர் அவரே. திங்கட்கிழமை திருத்தியபோது, வேலை முடிந்ததும் பூட்டை விடச்சொல்லும் வரியையும் சேர்த்து அழித்திருந்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவருக்கு அன்று நன்றாகவே தெரிந்தது.

புரோகிராமை நிறுத்தினார். கவுண்டர்கள் ஓடத் தொடங்கின. மேலாளர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“பாத்தீங்களா, அந்தம்மா எந்திரிச்சதும் சரியாயிடுச்சு!”

தலையாட்டினால் போதும். கண்டுபிடிக்க ஆளில்லை. அவருக்குப் பயமாகத்தான் இருந்தது.

“இல்ல சார். பூட்டுனது நான்தான். அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

மேலாளருக்குப் புரிய முக்கால் மணி நேரம் ஆனது. உத்தரவு கிழிந்தது. மருமகனுக்கு ஒரு மெமோ வந்தது.

மூன்றாவது கவுண்டருக்குப் போய் நடந்ததைச் சொன்னார். உள் அறை, வெளி அறை, நாற்பது வரி எல்லாம். மாமியார் அணைத்திருந்த கணினியைப் போட்டுவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

“உள்ள இருந்து பாத்தா நான் மட்டும்தான் தெரிஞ்சேன். சரி, அது கணினியோட குத்தம். பாத்ததும் மூடிடுறேன்னு நான் சொன்னேனே மாப்பிள்ளை, அது எந்தப் பட்டியல்ல வந்துச்சு?”

அவர் வழக்கம்போலத் திரையைப் பார்த்தார். அது இன்னும் எழுந்திருக்கவில்லை.